வாங்கின பிறகு சாப்பிடறேன்

புனே
1 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய். வாட்ஸ்அப்பிலும் அதே கதை. அதனால்தான் ஸ்பீடு போஸ்ட். கிழித்துப் போடாமல் கடைசி வரை படி.

ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டது ஒரு கேள்வி. "அம்மா மேல யாராவது கை வச்சீங்களா?" என்று கேட்டேன். "நீ அடிச்சியா?" என்று கேட்டதாக எடுத்துக்கொண்டு போனை வைத்துவிட்டாய். என் இடத்தில் இருந்தால் நீ என்ன கேட்டிருப்பாய்? போன மாதக் கடைசியில் பொழிச்சலூருக்கு வந்தபோது அம்மாவின் வலது முழங்காலைப் பார்த்தேன். ஆறின காயத்தின் மேல் புதுக் காயம், அதன் மேல் இன்னொன்று. ஜாக்கெட் தோளில் நிற்கவில்லை, அவ்வளவு மெலிந்திருக்கிறாள்.

நான் கிளம்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. திடீரென்று முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "மெதுவா பேசு தம்பி. யாரு வீட்டுப் புள்ள நீ?" என்றாள். பெற்ற பிள்ளையை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. மறதி வியாதி அப்படித்தான் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார், அதைத் தாங்கிக்கொள்கிறேன். ஆனால் சொந்த வீட்டில் எதற்குக் குசுகுசுவென்று பேசுகிறாள்? யாருக்குப் பயந்து?

பள்ளிக்கரணையில் சிஸ்டர்கள் நடத்தும் முதியோர் இல்லத்தில் பேசியிருக்கிறேன். 19ஆம் தேதி முதல் ஒரு கட்டில் காலி. அன்றைக்கு நம் சித்தப்பா மகன் ஆல்வினின் காரில் வருகிறேன். அம்மாவின் துணிகளை எடுத்து வை.

நான் கிறிஸ்துமஸுக்கு வாங்கி அனுப்பிய லைட்டைத் தண்டம் என்றாய், ஜீரோ வாட் பல்பு போதும் என்றாய். எத்தனை பேர் எழுதியதைப் படித்துவிட்டு அதை வாங்கினேன் தெரியுமா? கரண்ட் போனாலும் எரியும். கால் தடுக்க வயர் கிடையாது. எந்த அறைக்கு வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். வெள்ளை வெளிச்சம் வயதானவர்களின் தூக்கத்தைக் கெடுக்கும், சிவப்பு கெடுக்காது என்று படித்தேன். அதனால்தான் மார்ச் முதல் வாரத்திலிருந்து, பொழுது சாய்ந்ததும் இங்கிருந்தபடியே போனில் அதைச் சிவப்பாக மாற்றுகிறேன். மெழுகுவத்தி மாதிரி லேசாக ஆடும்படி வைத்திருக்கிறேன். எல்லா வழியையும் நீ அடைத்துவிட்டாய். அந்த லைட் ஒன்றுதான் இன்னும் என் கையில் இருக்கிறது. அம்மாவுக்கு நான் சொல்லும் குட்நைட் அது. அதையும் பிடுங்கிவிடாதே.

ஜெஃப்ரி


பொழிச்சலூர்
4 ஏப்ரல் 2025

ஜெஃப்ரி,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை. பொய் எழுதினால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கே மார்க் போட மாட்டேன்.

யாராவது கை வைத்தோமா என்று கேட்டாயே, அந்த 'யாராவது' யார்? இந்த வீட்டில் இருப்பது நானும் சரசுவும்தான். நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதும், வந்த பிறகு ராத்திரிச் சோறு வரையிலும் அம்மாவைப் பார்த்துக்கொள்பவள் சரசு. அவள் அடித்தாளா, நான் அடித்தேனா, அதையும் நீயே சொல்லிவிடு. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதனால் அம்மா என் பங்கு. உனக்குக் கல்யாணம் ஆயிற்று, அதனால் கேள்வி கேட்பது உன் பங்கு. நல்ல பாகப்பிரிவினைடா இது!

காலை பிளேனில் வந்தாய், மீன் குழம்பு சாப்பிட்டாய், சாயங்காலம் விளக்கு வைத்ததும் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாய். உன் பிளேன் நம் மொட்டை மாடிக்கு மேலேதான் போயிற்று, சரசு கை காட்டினாள். இந்த வீட்டில் சாயங்காலத்துக்கு அப்புறம் என்ன நடக்கிறது என்று உனக்கு என்ன தெரியும்?

நானே சொல்கிறேன். பகலெல்லாம் அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள். மதியம் சாப்பிடுகிறாள், சரசுவோடு சிரித்துப் பேசுகிறாள். பொழுது சாய்ந்தால் வேறு ஆளாகிவிடுகிறாள். இந்த வெயிலிலும் தலையில் முக்காடு. சோற்றுத் தட்டை நீட்டினால் தள்ளிவிடுகிறாள். சரசு தலையில் அடித்துக்கொள்கிறாள். "இன்னாக்கா இது பேஜாரா கீது! 'வாங்கின பிறகு சாப்பிடறேன், வாங்கின பிறகு சாப்பிடறேன்'னு சொல்லிகினே கீது. இன்னா வாங்கணும்னு கேட்டா வாயத் தொறக்கல." தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போகும் நினைப்பு போலிருக்கிறது என்று பையைக் கையில் கொடுத்துப் பார்த்தேன். பையைத் தூக்கி எறிந்தாள். மாத்திரை அலமாரியைத் திறந்தாலே, "கை வைக்காத, கை வைக்காத" என்று பதறுகிறாள். ராத்திரி மாத்திரை பாதி நாள் உள்ளே போவதில்லை.

விழுவதும் அந்த நேரத்தில்தான், நாங்கள் சமையலறையில் இருக்கும்போது. அந்த அலமாரிக்கு முன்னால், தினம் ஒரே இடத்தில். தரையில் எண்ணெயா, தண்ணீரா என்று தடவிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் இல்லை.

உன் லைட்டின் பெருமைக்கு வருகிறேன். போன வாரம் கரண்ட் போனபோது, தூக்கிக்கொண்டு போகலாம் என்றாயே, அப்படியே தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குப் போனேன். அம்மா ஓடி வந்து, "அடிப் பாவி, அங்கயா கொண்டு போற?" என்று என் கையைப் பிறாண்டிப் பிடுங்கிக்கொண்டாள். நகம் கிழித்த கோடு இன்னும் இருக்கிறது. நீ வந்து அம்மாவின் முழங்காலைப் பார்த்தாய், என் கையைப் பார்த்தாயா? அந்தச் சனியன் பிடித்த லைட்டை என்றைக்கோ பரணில் போட்டிருப்பேன். அம்மா விடமாட்டேன் என்கிறாள்.

எங்கள் ஸ்டாஃப் ரூமில் யூனிஸ் டீச்சர், "உங்க தம்பி அனுப்பின லைட் எப்படி இருக்கு, நாங்களும் ஒண்ணு வாங்கலாமா?" என்று கேட்டார்கள். தண்டம், வாங்காதீங்க என்று சொல்லிவிட்டேன்.

19ஆம் தேதி கார் வந்தால் கேட் பூட்டியிருக்கும். என் பிணத்தைத் தாண்டித்தான் அம்மாவைக் கொண்டுபோக முடியும்.

அமலராணி


புனே
7 ஏப்ரல் 2025

அக்கா,

உன் கோபத்துக்குப் பதில் எழுதி எனக்கும் உனக்கும் ஆகப்போவது ஒன்றும் இல்லை. நீ எழுதியதிலிருந்தே எடுத்துச் சொல்கிறேன். தினம் விழுகிறாள். ராத்திரி சாப்பாடு இல்லை. மாத்திரை இல்லை. இதையெல்லாம் நீயே எழுதிவிட்டு, வீட்டிலேயே இருக்கட்டும் என்றும் சொல்கிறாய். வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால் நீயே அந்த அம்மாவை இல்லத்தில் சேர்க்கச் சொல்லியிருப்பாய்.

என்ன வாங்க வேண்டும் என்று கேட்கிறாளோ அதை வாங்கிக் கொடுத்துத் தொலையேன். ஒரு முழம் பூவா, வெற்றிலையா, அது என்ன பெரிய விஷயமா?

இருட்டில் தடுமாறித்தான் விழுகிறாள் என்று நினைக்கிறேன். அதனால் இன்று முதல் லைட்டைச் சீக்கிரமே சிவப்பாக்கி, வெளிச்சத்தையும் முழுசாகக் கூட்டிவிட்டேன். இங்கிருந்து நான் செய்ய முடிந்தது அவ்வளவுதான். சரசுவை நிறுத்திவிடு. யார்மேலும் பழி போடவில்லை. சந்தேகம் தீரும்வரை வேண்டாம் என்கிறேன்.

ஆல்வின் காருக்குச் சரி சொல்லிவிட்டான். கேட்டைப் பூட்டினால் தெருவில் நின்று சத்தம் போட வேண்டியிருக்கும். அதை நான் விரும்பவில்லை. நீயும் விரும்ப மாட்டாய்.

ஜெஃப்ரி


பொழிச்சலூர்
10 ஏப்ரல் 2025

டேய் ஜெஃப்ரி,

இதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்துகொள்.

நீ வெளிச்சத்தைக் கூட்டிய மறுநாளே அம்மா மறுபடி விழுந்தாள். அலமாரி முனை நெற்றியில் கிழித்துவிட்டது. ஆட்டோ பிடித்துக் குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், தையல் போட்டார்கள். அந்தச் சின்னப் பெண் டாக்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "வீட்டுல யார் இருந்தீங்க?" என்று கேட்டாள். நீ கேட்ட அதே கேள்விதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நேற்று மதியத்துக்கு மேல் லீவு போட்டேன். சரசுவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அம்மா அறையின் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். என்னதான் நடக்கிறது, பார்த்தே தீருவது என்று.

மாத்திரை அலமாரி மேல் உன் லைட் சிவப்பாயிற்று. சுடர் ஆடுகிற மாதிரி ஆடிற்று. அம்மா கட்டிலிலிருந்து எழுந்தாள். முந்தானையைத் தலையில் போட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து அலமாரிக்கு நேராக நின்றாள். அப்புறம் வலது காலை மடக்கினாள்.

அம்மா விழவில்லைடா. முழங்கால் போட்டாள்.

நான் ஓடிப்போய்த் தாங்கினேன். "விடுடி, சாமிக்கு முன்னாடி மரம் மாதிரி நிக்கச் சொல்றியா?" என்றாள். அவள் பார்க்கும் இடத்தை நானும் பார்த்தேன். சின்ன அலமாரி, மூடின கதவு, முன்னால் தொங்குகிற வெள்ளைத் திரை, மேலே ஆடும் சிவப்புச் சுடர். ஐயோ என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். "கோயில்ல கத்தாதடி" என்றாள் அம்மா.

உன் மனைவி கெசியா சி.எஸ்.ஐ. வீட்டுப் பெண், அவளுக்கு நீயே எடுத்துச் சொல். நம் கோயிலில் நற்கருணை அப்பம் வைத்திருக்கும் பேழைக்குப் பக்கத்தில் இரவும் பகலும் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அது எரிந்தால் ஆண்டவர் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். அதைத் தாண்டிப் போகிறவர்கள் வலது முழங்கால் தரையில் படும்படி வணங்கிவிட்டுத்தான் போகவேண்டும். உனக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. பீடப் பையனாக இருந்தவன் நீ. அவசரத்தில் இடது காலை மடக்கிவிட்டு, ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவிடம் தொடையில் கிள்ளு வாங்கியவன்.

எல்லாம் இப்போது புரிகிறதா? பேழைக்குள் கை விடுகிறார்கள் என்றுதான் அலமாரியைத் திறக்க விடவில்லை. சாமியைப் பாத்ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றுதான் என்னைப் பிறாண்டினாள். சரசுவுக்குக் காதில் விழுந்தது பாதிதான். நேற்று என்னிடம் முழுசாகச் சொன்னாள். "நன்மை வாங்கின பிறகு சாப்பிடறேன்டி." பூசையில் நற்கருணை வாங்குவதைத்தான் அந்தக் காலத்து ஆட்கள் நன்மை வாங்குவது என்பார்கள். வெறும் வயிற்றோடு இருந்துதான் வாங்குவார்கள். ஒரு மாதத்துக்கு மேலாக அவள் தினம் சாயங்காலம் பட்டினியோடு பூசைக்குக் காத்திருந்திருக்கிறாள். நான் என்னடாவென்றால் மார்க்கெட் பையை நீட்டியிருக்கிறேன்!

குட்நைட்டாம் குட்நைட்! புனேயில் உட்கார்ந்துகொண்டு நீ ஒரு விரலால் பட்டனைத் தட்டுவாய், இங்கே அவள் முட்டி உடைய உடைய மண்டியிடுவாள். உடனே எடுத்துத் தொலை அந்தச் சிவப்பை.

அக்கா


புனே
12 ஏப்ரல் 2025

அக்கா,

படித்த கையோடு அணைத்துவிட்டேன். டைமரையும் எடுத்துவிட்டேன். இனி எரியாது.

கெசியாவிடம் சொல்லத் தொடங்கினேன். கடிதத்தை அவளே வாங்கிப் படித்துக்கொண்டாள். "சிவப்பா வச்சா நல்லதுன்னு நான்தானே சொன்னேன்" என்று அவளும் அழுகிறாள்.

உன்னைக் கேட்ட அந்தக் கேள்வியைப் பற்றி எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எப்படி எழுதினாலும் சரியாக வரவில்லை. நேரில் சொல்கிறேன்.

பள்ளிக்கரணை இடத்தை இப்போதைக்கு விட வேண்டாம் என்று தோன்றுகிறது. கோபப்படாதே. லைட் இல்லாமல் சில நாள் எப்படி இருக்கிறாள் என்று பார்ப்போம். சாப்பிட்டால் சரி. இல்லாவிட்டால் 19ஆம் தேதி கார் வரும்.

ஜெஃப்ரி


பொழிச்சலூர்
16 ஏப்ரல் 2025

ஜெஃப்ரி,

'போடு' என்று மட்டும் உனக்கு மெசேஜ் அனுப்பினேன். உன் நம்பரின் பிளாக்கை எடுத்ததே அதற்காகத்தான். நீயும் ஏன் எதற்கு என்று கேட்காமல் அந்த நிமிஷமே போட்டாய். அதற்கு ஒரு நன்றி. என்ன நடந்தது என்று போனில் பேசினால் மறுபடி சண்டையில்தான் முடியும், அதனால் எழுதுகிறேன்.

நீ அணைத்த அன்று சாயங்காலம் அம்மா வழக்கம்போல முக்காடு போட்டுக்கொண்டு வந்தாள். விளக்கு இல்லை. அலமாரி மேலே அண்ணாந்து பார்த்தாள். அப்புறம், அத்தனை நாள் யாரையும் தொட விடாத அந்த அலமாரிக் கதவைத் தானே திறந்தாள். மாத்திரை டப்பாக்களை அன்று மதியம்தான் சமையலறைக்கு மாற்றியிருந்தோம். உள்ளே ஒன்றும் இல்லை. "சாமிய எடுத்துட்டாங்களே... காலியா கிடக்கே... பெரிய வெள்ளி வந்துடுச்சாடி?" என்று கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பெரிய வெள்ளியன்று பேழையைத் திறந்து காலியாகப் போட்டிருப்பார்கள், விளக்கும் இருக்காது. அன்று அம்மா ஒருசந்தி நோன்பு இருப்பாள். அதற்கு முன் இரவுச் சோறு மட்டும்தான் நின்றிருந்தது, அன்றிலிருந்து பகல் சோறும் நின்றுவிட்டது. தண்ணீர்கூட வேண்டாம் என்றாள். நானே லைட்டின் தலையைத் தட்டிப் பார்த்தேன். வெள்ளையாக, டியூப்லைட் மாதிரி எரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சரசு மெழுகுவத்தி ஏற்றினாள். ம்ஹூம். மறுநாளும் பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. அம்மா செத்துப்போய்விடுவாள் என்று பயந்துவிட்டேன்டா. அப்போதுதான் 'போடு'.

அது சிவப்பானதும் அம்மா, "வந்துட்டாரு" என்றாள். சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள்.

நேற்று ஃபாதரைக் கூட்டிவந்தேன். அம்மாவுக்கு நன்மை கொடுத்தார். "ராத்திரி சாப்பாட்டை முன்னாடியே முடிச்சிடுங்கம்மா. ஒரு மணி நேரம் வயிறு காலியா இருந்தாப் போதும். முழங்கால் முடியாதவங்க உட்கார்ந்து தலை குனிஞ்சா ஆண்டவருக்குப் போதும்" என்றார். ஃபாதர் சொன்னால் அம்மாவுக்கு மறுபேச்சு ஏது? ஆனால் அவர் போனதும் என்னைக் கூப்பிட்டு, "நான் குனிஞ்சுக்கறேன். அப்ப முழங்கால் யார் போடறது?" என்றாள். நான் போட்டேன்.

இப்போது ஏற்பாடு இதுதான். லைட்டை அலமாரியிலிருந்து எடுத்து, அம்மாவின் சாய்வு நாற்காலிக்கு எதிரே முக்காலியில் வைத்திருக்கிறேன். தூக்கிக்கொண்டு போகலாம் என்றாயே, அந்த ஒரு பேச்சு மட்டும் உண்மை. சாயங்காலம் முதலில் மஞ்சளாக எரியட்டும். அந்த வெளிச்சத்தில் சோறு, மாத்திரை எல்லாம் முடித்துவிடுவோம். அதற்கப்புறம் சிவப்பு. நாளைமறுநாள் பெரிய வெள்ளியன்றும் நம் வீட்டில் சாமி இருப்பார், ஃபாதரிடம் போட்டுக்கொடுத்துவிடாதே.

இந்த மஞ்சளும் சிவப்பும் இனி என் போனில் இருக்க வேண்டும். சோறு முடிந்ததா இல்லையா என்று புனேயில் இருக்கும் உனக்கு எப்படித் தெரியும்? 19ஆம் தேதி வா. வந்து மாற்றிக்கொடு. கார் வேண்டாம், ரயிலில் வா. சாயங்காலம் ஷூவை மாட்டாதே. என் முழங்காலும் ஒன்றும் புதுசு இல்லை, அன்றைக்கு உன் முறை.

அக்கா


புனே
24 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

ரயிலில் வரும்போதே எழுதிவிடலாம் என்று நினைத்தேன், கை ஓடவில்லை.

பள்ளிக்கரணைக்குப் போன் செய்து அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிவிட்டேன். லைட்டை உன் போனில் ஏற்றிக் கொடுத்ததும், என் போனிலிருந்து அதை எடுத்துவிட்டேன். நேற்று பொழுது சாய்ந்ததும் பழக்க தோஷத்தில் விரல் அந்த இடத்தைத் தேடிற்று. நீ அங்கே மாற்றியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா, அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கவே கூடாது. நேரில் சொல்கிறேன் என்று எழுதிவிட்டு, நேரில் மீன் குழம்பு நல்லா இருக்கு என்பதைத் தவிர எதுவும் சொல்லவில்லை. மன்னித்துவிடு. சரசுவிடமும் சொல். அவள் எனக்குத் தனியாக எடுத்து வைத்த மீன் துண்டை விழுங்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் நீ சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாய், அதனால் உனக்குத் தெரியாது. அம்மா அதுவரை என்னை 'தம்பி' என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து மூன்று தடவை யாரு வீட்டுப் பிள்ளை என்று கேட்டுவிட்டாள். லைட் சிவப்பாயிற்று. அம்மா நாற்காலியில் இருந்தபடி தலை குனிந்தாள். நிமிர்ந்து, போடு என்பதுபோல என்னைப் பார்த்தாள். கோயில் பக்கம் போயே வருஷக்கணக்காகிறது எனக்கு. முக்காலிக்கு முன்னால் போய்க் காலை மடக்கினேன்.

தொடையில் சுரீர் என்றது. ஒட்டிப்போன அந்த விரல்களில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"வலது கால்டா ஜெஃப்ரி" என்றாள்.

தம்பி
ஜெஃப்ரி

பி.கு: யூனிஸ் டீச்சர் மறுபடி கேட்டால், வாங்கச் சொல். போனை மட்டும் வீட்டில் இருக்கிறவர் கையில் வைத்துக்கொள்ளச் சொல்.